ஆதிரையின் முதல் முடி

ராஜபாளையம் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்கார பாய் என் தலையைப் பார்த்தார். விரற்கடை அளவுகூட வளராத முடி, சீப்பு வைத்தால் ஒன்றும் சிக்காது. பார்த்துவிட்டு, பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்தபடியே, "எந்தக் கோயில்லம்மா எறக்குனீக?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் தயிருக்கு நின்ற அக்கா, திருப்பதியாகத்தான் இருக்கும், வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் எல்லாம் அங்கேதானே போகிறார்கள் என்று எனக்காகப் பதிலும் சொல்லி முடித்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு மரியாதை வந்திருந்தது. நான் சிரித்துவைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக என் தலையைப் பற்றி யாரும் இப்படி வாய்விட்டுக் கேட்டதே இல்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

நாங்கள் குடியிருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில். அங்கே பேருந்தில் ஏறினால் என் தலையைப் பார்த்த கண்கள் அடுத்த நொடியே ஜன்னலுக்கோ கைப்பேசிக்கோ போய்விடும். கொஞ்சம் தெரிந்தவர்கள் என்றால் தோளைத் தொட்டு "ஸ்டெர்க்தே" என்பார்கள். கஷ்டத்தில் இருப்பவர்களிடம் சொல்வதற்கென்றே அந்த மொழியில் இருக்கிற சொல், தெம்பாக இருங்கள் என்பது போல. சொல்லிவிட்டுத் தங்கள் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது. அந்த ஊரில் மொட்டைத் தலைப் பெண் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எங்கள் ஊரிலோ அதே தலையைப் பார்த்துவிட்டுப் பழனியா திருப்பதியா இருக்கன்குடியா என்று கேட்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பொய் என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

மார்பில் கட்டி இருப்பது தெரிந்தபோது என் மகள் ஆதிரைக்கு நான்கு வயது தொடங்கியிருந்தது. குளிப்பாட்டித் துண்டோடு தூக்கியபோது அவள் முழங்கை இடித்த இடம் வலித்தது, தடவிப் பார்த்தேன், கையில் தட்டுப்பட்டது. அதன் பிறகு கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோயாளியாக இருப்பதைவிடக் கஷ்டம், நோயாளியாக இருந்துகொண்டே நான்கு வயதுக் குழந்தைக்கு அம்மாவாக இருப்பது. இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டதால் அவளைத் தூக்கக் கூடாது என்றார்கள். அவளாகவே முக்காலி போட்டுக் கட்டிலில் ஏறக் கற்றுக்கொண்டாள். காலையில் கண் விழித்ததும் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "இன்னைக்கு சோபா நாளா, பார்க் நாளா?" என்று கேட்பாள். மருந்து ஏறிய வாரம் முழுக்க சோபா நாள்தான். அவளுடைய துணி யானையும் கரடியும் முறைவைத்து எனக்கு ஊசி போடும். எனக்குக் கோபம் எப்போதுமே மூக்கு நுனியில். வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காத நாட்களில், பால் சிந்தியதற்காக அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். கணவர் வேலையிலிருந்து வந்து பார்த்தால் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்போம்.

மருத்துவமனையில் ஹன்னெகே என்று ஒரு நெடிய செவிலி. குழந்தையை அழைத்து வா என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீடுகளில் இப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்களா? ஹன்னெகே தரையில் உட்கார்ந்து, ஆதிரையின் கண்ணுக்கு நேரே கண் வைத்து, மூன்றே விஷயம் சொன்னார். அம்மாவுக்கு வந்திருப்பதன் பெயர் கேன்சர். அது உனக்கு ஒட்டாது. அது உன்னால் வந்ததில்லை. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இவள் எதற்கு அப்படி நினைக்கப்போகிறாள், இல்லாததை ஏன் அவள் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று என் அரைகுறை டச்சில் கேட்டேன். நான் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, என் கையைப் பிடித்து அழுத்தி, "எல்லாப் பிள்ளைகளும் நினைக்கும்" என்று மட்டும் சொன்னார். இந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் மனோதத்துவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆதிரை அந்த மூன்றையும் டச்சு மொழியில் பாட்டுப் போலப் பாடியபடி பல் தேய்ப்பாள்.

அதே மருத்துவமனையில்தான் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். மஞ்சள் காமாலை என்றேன். அம்மா இறந்தபோது நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் கல்லூரிப் பேருந்து பிடிக்க ஓடும்போது அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருக்கும், மாலையில் திரும்பும்போதும் சாத்தியிருக்கும். அம்மாவுக்கு ரத்தம் கம்மி, தொந்தரவு பண்ணாதே என்பார்கள். டெட்டால் வாசனையும் அதை மறைக்கப் போட்ட சாம்பிராணி வாசனையும் சேர்ந்து வரும். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத என் மதினி மட்டும் வெந்நீரும் துணியுமாக உள்ளே போய் வருவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டாக்டர் மறுபடி மறுபடி கேட்டதால், அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து சோழபுரத்தில் இருக்கும் வயலைப் பார்த்துக்கொள்கிறார். அதிகம் பேச மாட்டார். நான் கேட்டதும், "அம்மாவுக்கும் அதேதாம்மா. நீ படிச்சுக்கிட்டிருந்த, ஒனக்குச் சொல்லல" என்றார்.

பிறகு ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, இது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது என்று சொன்னார்கள். ஆதிரைக்கும் இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவள் வளர்ந்து, பதினெட்டு வயதாகி, தானே விரும்பிக் கேட்டால்தான் சோதிப்பார்கள். அதுவரை தெரியாது. அம்மாவுக்கு இருந்ததை என்னிடம் சொல்லியிருந்தால் நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பேனே என்று பல நாள் அண்ணன்மேலும் மதினிமேலும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அப்படியும், சிகிச்சை முடிந்து மாத்திரை மட்டும் என்று ஆனவுடன் எனக்குப் போக வேண்டியிருந்த இடம் அவர்கள் வீடுதான். கணவருக்கு விடுப்பு மிச்சமில்லை. பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையில் நானும் ஆதிரையும் மட்டும் கிளம்பி வந்தோம்.

மதினிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். தெரு முழுக்க நான் கோயிலுக்கு நேர்ந்து முடி கொடுத்ததாக அவர்தான் சொல்லி வைத்திருந்தார். "யாரு கேட்டாலும் கோயில்னே சொல்லு செல்வி. இல்லன்னா ஒவ்வொருத்தியா வந்து ஒக்காந்து அழுதுட்டுப் போவாளுக. நீ அவளுகளுக்கு ஆறுதல் சொல்லணும்" என்றார். அது நியாயமாகவே பட்டது. போனிலேயே இன்னொன்றும் பேசி முடித்திருந்தோம். ஆதிரைக்கு முதல் முடி இன்னும் இறக்கவில்லை. கணவர் வீட்டுக் குலசாமி மேற்கே மலையில் இருக்கும் அய்யனார். கணவருக்குப் பெற்றோர் இல்லாததால், தாய்மாமன் என்ற முறையில் அண்ணனே முன்னின்று, ஆவணி பிறந்ததும் மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றிருந்தேன். அங்கிருந்து யோசிக்கும்போது அது ஊருக்குப் போனால் செய்யும் காரியங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். வெளியூர்க்காரி என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு அம்மாள் கிண்ணத்தோடு வந்து என் கையில் சந்தனம் பூசியபடியே எந்தக் கோயில் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆதிரை முந்திக்கொண்டாள். "கோயில் இல்ல. அம்மாக்கு கேன்சர். மருந்து முடிய எடுத்துருச்சு. ஒட்டாது, பயப்படாதீங்க." ஹன்னெகே கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். சந்தனம் பூசிய கை அந்தரத்தில் நின்று, பிறகு தேவைக்கு மேலேயே பூசிவிட்டுப் போனது. சாப்பிட்டுக் கைகழுவி வரும்வரை ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பார்த்த கண்கள் எல்லாம் ஐந்தோவன் பேருந்தில் நகர்வது போலவே நகர்ந்தன. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பிள்ளை உண்மையைச் சொன்னதற்கு அவமானப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வருத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மதினி அடுப்படியில் அண்ணனிடம் குமுறிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி ஊரே பேசப்போகிறதே என்ற கவலைதான் அவருக்கு. "பொறந்த முடி இன்னும் பிள்ள தலையிலேயே இருக்கு. குலசாமி எம்புட்டு நாள் பொறுக்கும்? அந்த முடிதான் செல்விய இந்தப் பாடு படுத்துது" என்றார். நான் கூடத்தில் இருந்து கேட்டேன். கேட்டு, பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு எது வந்தாலும் செய்யாமல் விட்ட ஏதாவது ஒரு நேர்த்திக்கடனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுப்படி வாசலில் தண்ணீர் டம்ளரோடு ஆதிரை நின்றதைத்தான் நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. என்னுடையது கொட்டத் தொடங்கிய பிறகு அதை வாருவதில் எனக்கு ஒரு பேராசையே வந்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கேட்டாள். "என் முடியாலயா அம்மா உனக்கு வந்துச்சு?"

யார் சொன்னது என்று கேட்டேன். அத்தை என்றாள். சீப்பைப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் மதினியிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. எங்கம்மாவை மூடி மூடி வைத்துக் கொன்றீர்கள், இப்போது என் பிள்ளை தலையில் பழியைப் போடுகிறீர்களா என்று கேட்டது நினைவிருக்கிறது. மதினிக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. "நான் பிள்ளையவா சொன்னேன், முடியத்தான சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது வேறு, இது வேறுதான். மொட்டையும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. ஆதிரை என்னிடம் எதுவும் கேட்காமல் அண்ணனிடம் போய், நாளைக்கே கோயிலுக்குப் போகலாமா மாமா, சீக்கிரம் முடியைக் கொடுத்துவிடலாம் என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அண்ணன் கண் கலங்கியிருந்தது. எல்லைக் காவலில் இருந்து வந்த மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு முடிச்சு முழுசாகத் தெரிந்தது. முடியை இறக்கினால், தன் முடிதான் காரணம் என்று ஆகிவிடும். இறக்காவிட்டால், நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தன்னால்தான் என்று நினைப்பாள். நோய் திரும்பி வந்தால், வரக்கூடும், வாழ்நாள் முழுக்க நினைப்பாள். அவளை மடியில் வைத்து ஹன்னெகே சொன்ன மூன்றாவது வாக்கியத்தை டச்சிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அது அங்க. ஹன்னெகேக்கு நம்ம சாமியத் தெரியாதுல்ல?" என்றாள்.

இரண்டு ஊருக்கும் உரியவளாக அவளை வளர்க்கிறோம் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு ஊரின் சமாதானம் இன்னொரு ஊரில் செல்லாது என்பதை அவள் எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டிருந்தாள். மதினியிடம் போனேன். இந்த முறை கத்தவில்லை. நான் சொன்னால் இவளிடம் எடுபடாது மதினி, நீங்கள் கட்டியதை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும் என்றேன். அவர் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தார். நான் எழுந்தபோது, "ஆவணி மொத முகூர்த்தத்துல கோயிலுக்குப் போவோம். முடி எறக்க இல்ல. நான் அங்க வச்சுப் பேசுதேன்" என்றார்.

மலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடியது. எங்களைப் போல நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன, பொங்கப்பானைப் புகை ஈரக்காற்றில் மேலே போகாமல் தரையோடு நின்றது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள் மஞ்சள் தலையோடு தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். ஆதிரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இவங்க எல்லாருக்கும் கேன்சரா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

மதினி அவளைக் கைபிடித்து அழைத்துப்போய் சாமிக்கு முன்னால் உட்கார வைத்தார். தானும் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தார். பக்கத்துக் குடும்பம் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"இங்க பாரு ஆத்தா. அன்னைக்கு அத்த சொன்னது தப்பு. ஒன் முடியால ஒன்னும் வரல. ஒங்கம்மாவப் பெத்த அம்மாச்சிக்கும் இதே நோவு மாருல இருந்துச்சு. நாந்தான் புண்ணத் தொடச்சு விட்டேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவிய என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. ஒங்கம்மாகிட்டகூட சொல்லல. அப்ப நீ பொறக்கவே இல்லைல்ல? பொறக்காத பிள்ள முடி எப்படி நோவக் கொண்டாரும்?"

ஆதிரை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "சாமிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவரு முன்னால வச்சுத்தான சொல்லுதேன்" என்றார் மதினி.

அம்மாதான் சத்தியம் வாங்கினார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இருபது வயது தாண்டாத ஒரு பெண், வந்த வீட்டில் மாமியாரின் புண்ணையும் சத்தியத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அந்தச் சத்தியத்தை மீறுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது, எழுந்தவுடன் அவர் விழுந்து கும்பிட்டுக்கொண்டே கிடந்ததில் தெரிந்தது. அவர்மேல் நான் கறுவிக்கொண்டிருந்தது அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று. அவர் எழுந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கல் இறக்கிக் கிளம்புகிற நேரத்தில் ஆதிரை தனக்கும் மொட்டை வேண்டும் என்றாள். அம்மாவுக்காக வேண்டாம் என்று அத்தை சொன்னார்களே என்றேன். அம்மாவுக்காக இல்லை, எனக்கும் தலையில் மஞ்சளாகப் பூச வேண்டும் என்று ஆற்றில் நின்ற ஒரு சிறுமியைக் காட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. முடி போய்விடுமே என்பதால் அல்ல. அந்தப் பாதிக்குப் பாதி தெரிந்த நாளில் இருந்து அவள் தலையை மொட்டையாக நினைத்துப் பார்த்து நினைத்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அதை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இது என் பயம், அவளுடையது இல்லை. சரி என்றேன். புது பிளேடுதானா என்று முடி எடுப்பவரிடம் இரண்டு தடவை கேட்டேன்.

அண்ணன் மடியில் உட்கார்ந்துகொண்டு, கூசுகிறது மாமா, கூசுகிறது என்று அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். என் தலையைக் கணவர் மெஷினில் வழித்தபோது நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. ஆற்றில் முக்கி எடுத்து, சந்தனத்தைக் குழைத்து மதினி அப்பியதும் என்னிடம் ஓடி வந்து தலையைக் காட்டினாள். தொட்டேன். சூடாக, ஈரமாக, கையில் அடங்குகிற தலை. முகர்ந்தேன். மொட்டைத் தலை என்றால் எனக்கு மருந்தும் வியர்வையும் கலந்த வாசனைதான் தெரியும். இது சந்தனமாக மணத்தது. பக்கத்துக் குடும்பத்து ஆட்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, அழகாக இருக்கிறாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தோவனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று வாசலில் அவளுடைய தொப்பியைக் கழற்றினேன். இங்கே ஆசிரியையை யூஃப் என்பார்கள். யூஃப் மார்லோஸ் அவள் தலையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போயிற்று. என்னை ஓரமாக இழுத்து, "ஸை ஓக்?" என்றார். அவளுமா என்று கேட்கிறார். இல்லை இல்லை, இது கடவுளுக்கு என்றேன். அவர் கண் இன்னும் நிறைந்துவிட்டது, அவள் குணமாக நான் வேண்டிக்கொள்கிறேன் என்று புரிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த டச்சில் இதற்கு மேல் வழியில்லை. ஆதிரைதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். "எனக்கு நோய் இல்லை, யூஃப். அம்மா முடியை மருந்து எடுத்துக்கொண்டது. என் முடியை நான் கொடுத்தேன்." சொல்லிவிட்டுத் தன் மழைக்கோட்டைக் கொக்கியில் மாட்டப் போய்விட்டாள். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்று அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். யூஃப் மார்லோஸ் அப்போதும் என் கையை விடவில்லை.

இப்போது தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் இருவரும் நின்று அளந்து பார்க்கிறோம். என் முடி இந்த ஊரில் போயிற்று, ராஜபாளையத்து வெயிலில்தான் கொஞ்சம் முடி என்று சொல்லும்படி ஆயிற்று. அவள் அங்கே கொடுத்துவிட்டு வந்தாள், இங்கே முளைக்கிறது. என்னுடையது காது மடலைத் தொட்டுவிட்டது. அவளுடையது இன்னும் உள்ளங்கையில் குத்துகிற அளவில்தான் இருக்கிறது. நான் முந்திப் போகிறேன் என்று அவளுக்கு ஒரே குறை. வெளியே மழை, பள்ளிக்கு நேரமாகிவிட்டது, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். முக்காலியில் ஏறி என் முடியை ஒரு பிடி பிடித்து இழுத்துக்கொண்டு, அப்படியே அத்தை குரலில் சொல்கிறாள். "செத்த நேரம் இரும்மா. நானும் வந்துருதேன்."

"இருக்கேன் தாயி" என்கிறேன்.